ஏழாவது மாடிக்கு மட்டும் தாமதம்

ஏழாவது மாடியிலிருந்து பெரிய சிஸ்டர் மறுபடியும் போன் செய்தபோது, சித்தப்பா மதியச் சாப்பாட்டு டப்பாவைப் பாதியிலேயே மூடினார்.

"சார், உங்க புரோகிராமுக்கும் எங்க மாடிக்கும் முன்ஜென்மப் பகை ஏதாச்சும் இருக்கா? மத்த மாடியில எல்லாம் தட்டினா பக்கம் வருது. இங்க மட்டும் வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. நான் பிரஷர் பாக்கறதா, உங்க வட்டத்தப் பாக்கறதா?"

"மேல வர்றேன் சிஸ்டர்."

"போன வாட்டியும் இதேதான் சொன்னீங்க."

சித்தப்பா என்று அவரைக் கூப்பிடுகிறவர்கள் ஒருவருக்கும் அவர் சித்தப்பா இல்லை. அந்தப் பெரிய மருத்துவமனையின் கணினிப் பிரிவில் மற்ற எல்லோரும் சின்ன வயசுக்காரர்கள். இவர் ஒருத்தர்தான் நரைத்த தலையும், கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடியுமாக இருந்தார். யாரோ ஒரு நாள் விளையாட்டாக "சித்தப்பா" என்றார்கள். அது ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அவர்களுடைய அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. பக்கத்தில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் அறை. சுவர் எப்போதும் வெதுவெதுவென்றிருக்கும். சோப்பு வாசனையில் ஆவி வரும். கூரையை ஒட்டினாற்போல் இருக்கும் ஜன்னலில் போகிறவர் வருகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். செருப்பைப் பார்த்தே டாக்டரா, நோயாளியா, நோயாளியைப் பார்க்க வந்தவரா என்று அவருக்குச் சொல்லத் தெரியும். பார்க்க வந்தவர்கள் வாசலில் கொஞ்சம் தயங்கி நிற்பார்கள். கால் கட்டைவிரலால் தரையைத் தடவுவார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் பிள்ளைகள் கூட்டமாக டீ குடிக்கப் போவார்கள். ஆரம்பத்தில் யாராவது ஒருவர் அவர் நாற்காலியருகே வந்து, "சித்தப்பா, டீ?" என்று கேட்பது உண்டு. "நீங்க போங்க" என்பார் இவர். போக வேண்டாமென்று இல்லை. 'சரி, வர்றேன்' என்ற சொல் அவருக்குள்ளிருந்து ஏறி வருவதற்குள் 'நீங்க போங்க' முந்திக்கொண்டுவிடும். சிலருக்கு அப்படி அமைந்துவிடுகிறது. சில நாள் கேட்டார்கள், பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு அல்ல. அவர் வரமாட்டார், அது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. நாற்காலிகள் தள்ளப்படுகிற சத்தம், சிரிப்பு, கதவு. அப்புறம் துவைக்கும் இயந்திரத்தின் உருளல் மட்டும்.

ஏழாவது மாடி என்பது, உடம்பு ஓரளவு தேறியும் வீட்டுக்குப் போக முடியாதவர்கள் இருக்கும் மாடி. லிப்டிலிருந்து இறங்கியதுமே ஒரு வித்தியாசம் காதில் விழும். மற்ற மாடிகளில் அது பார்வையாளர் நேரம்; பை உரசும், குழந்தை அழும், "மெதுவா, மெதுவா" என்று யாராவது யாரையாவது எழுப்பி உட்கார வைப்பார்கள். இங்கே மடக்கு நாற்காலிகள் சுவரோடு சாய்த்தபடியே இருந்தன.

பெரிய சிஸ்டர் ஜன்னலோரப் படுக்கைக்காரரின் பக்கத்தைத் திறந்து காட்டினார். மேலே பெயர், வயது, ரத்த வகை எல்லாம் சட்டென்று வந்தன. அதற்கடுத்த வரி, 'அழைக்க வேண்டியவர்'. அந்த இடத்தில் வட்டம் சுற்றத் தொடங்கியது. அது முடிந்தால்தான் கீழே மருந்துகள் தெரியும்.

"நேத்து ஒரு அம்மாவுக்கு மூச்சுத் திணறல். பக்கம் திறக்கல. என்ன மருந்து ஒத்துக்காதுன்னு ஞாபகத்துல இருந்து சொன்னேன் சார். சரியாத்தான் சொன்னேன். தப்பாச் சொல்லியிருந்தா?"

சித்தப்பா மறுபடியும் அந்த வட்டத்தைப் பார்த்தார். அந்தப் புரோகிராமை எழுதியது அவர்தான்.

"யாரு சிஸ்டர், மெக்கானிக்கா?" என்று ஜன்னலோரப் படுக்கையிலிருந்து குரல் வந்தது. ஒட்டிய கன்னம், பெரிய காது, போர்வைக்கு மேல் எடுத்துவைத்த நீண்ட கைகள். வேலை பார்த்த காலமெல்லாம் ஒரே கட்டடத்தில் லிப்ட் ஓட்டியவர். மாடி முழுக்க அவருக்கு லிப்ட்காரர் என்றே பெயர்.

"கம்ப்யூட்டர்காரர். உங்க பக்கம்தான் திறக்க மாட்டேங்குது."

"கதவு திறக்கலைன்னா உள்ளங்கையால ரெண்டு தட்டுத் தட்டணும். நாங்க அப்படித்தான் பண்ணுவோம்." பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "நான் ஓட்டின லிப்டு ஆறு மாடியோட சரி. ஏழாவது மாடின்னா என்னன்னு இப்பத்தான் பாக்கறேன். இதுக்கு மேல மொட்டை மாடியா, இல்ல நேரா மேலதானா?" என்றார்.

"பேச்சைப் பாருங்க" என்றார் சிஸ்டர்.

"அங்க என்ன வரணும்னு காத்துக்கிட்டிருக்கீங்க?" என்று லிப்ட்காரர் திரையைக் காட்டிக் கேட்டார்.

"உங்களுக்கு வேண்டியவங்க பேரு" என்றார் சித்தப்பா.

லிப்ட்காரர் கொஞ்சம் எழும்பி உட்கார்ந்தார். "எனக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கா. அவ பேரு இன்னும் வரலையா?"

வரவில்லை. தங்கை கல்யாணமாகி வேறு ஊர் போய், பெயரின் பின்பாதி மாறி, விலாசமும் மாறிப் பல காலம் ஆகியிருந்தது. இவர் சொல்லும் விலாசத்தில் இப்போது வீடே இல்லை. அவளாக அங்கே ஒரு அலுவலகத்துக்குப் போய், 'இன்னார் என் அண்ணன்' என்று பதிந்தால்தான் பெயர் இங்கே வரும். பழைய கட்டடத்தின் வாட்ச்மேன் அந்த ஊர்ப்பக்கம் போகிறான், அவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்றார் லிப்ட்காரர்.

"கோவக்காரிங்க அவ. கட்டினா அவனைத்தான் கட்டுவேன்னு சொல்ல வந்தா, ஆறாவது மாடிக்கு. நான் என்னமோ சொல்லிட்டேன். உன் லிப்டுல இனி கால வைக்க மாட்டேன்னு படியிலயே இறங்க ஆரம்பிச்சுட்டா. நான் விடல. ஒவ்வொரு மாடியிலயும் லிப்ட நிறுத்தி, கதவத் திறந்து வச்சுக்கிட்டு நின்னேன். திரும்பிப் பாக்கணுமே! டக்டக்குன்னு அடுத்த படிக்கட்டு. உள்ள இருந்த ஆளுங்க எல்லாம், என்னய்யா இது, எங்களக் கீழ விடுவியா மாட்டியான்னு கத்தறாங்க." அவர் சிரித்தார். "கடைசி வரைக்கும் ஏறல. ஆனா வருவா. கோவக்காரிங்கதான் வருவாங்க."

வட்டம் நின்றது. அந்த வரி வெறுமையாக இருந்தது. கீழே மருந்துகள் வந்தன.

இங்கே நான் கொஞ்சம் கணினி விஷயம் சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டாம், எனக்குப் புரிந்ததுதான், உங்களுக்குப் புரியாமல் போகாது. அந்தப் புரோகிராமுக்குள் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பிரதி உண்டு. ஆப்ஜெக்ட் என்பார்கள். நாம் அதைத் தோளில் பையோடு நிற்கிற ஒரு ஆள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆளிடம் கேள்வி கேட்கலாம். வயசென்ன, ரத்தம் என்ன வகை என்றால் உடனே சொல்லிவிடுவான். 'உனக்கு யார் இருக்கிறார்கள்?' என்ற கேள்வி மட்டும் பாரமானது. அதற்குப் பழைய பதிவுகளைப் புரட்ட வேண்டும், குடிமக்கள் பதிவகத்தைக் கேட்க வேண்டும், ஓய்வூதிய அலுவலகம், காப்பீடு என்று வாசல் வாசலாக ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அப்படி அலைய முடியுமா? அதனால் சித்தப்பா அந்த ஆளுக்கு ஒரு புத்தி சொல்லி வைத்திருந்தார். 'முதலில் உன் பையைப் பார். பெயர் இருந்தால் எடுத்துச் சொல்லிவிடு. பை காலியாக இருந்தால் போய் விசாரி. கிடைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு வந்து சொல். அடுத்த முறை அலைய வேண்டாம்.' நல்ல புத்திதான். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

அன்று நாலு மணிக்கு நாற்காலிகள் தள்ளப்பட்டு, சிரிப்பு வெளியே போய், கதவு சாத்திய பின் அவர் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தார். கம்பியில் கோளாறில்லை, ஏழாவது மாடிக் கணினியிலும் கோளாறில்லை. சோதனைக்கென்று அந்தப் பிரிவுக்காரர்கள் எல்லோரும் தங்கள் அடையாள எண்ணைக் கொடுத்து வைத்திருந்தார்கள். டீம் லீடாக இருந்த பெண்ணின் எண்ணைத் தட்டினார். வட்டம் வரவேயில்லை, கணவன் பெயர் வந்தது. அடுத்தவன் எண்; அவன் அப்பா. இன்னொருத்தி; அவள் அம்மா. எல்லாம் தட்டினதும் திறந்தன. கடைசியில் தன் எண்ணைப் போட்டார்.

வட்டம் சுற்றியது.

ஏதோ தவறாகத் தட்டிவிட்டோம் என்று மூடித் திறந்தார். சுற்றியது. துவைக்கும் அறையில் ஒரு இயந்திரம் ஓய்ந்து இன்னொன்று தொடங்கியது. வட்டம் நின்றதும் அந்த வரியில் ஒன்றுமில்லை. மூன்றாம் முறையும் அப்படித்தான்.

அந்த வரியில் மனைவியின் பெயர் இருந்த காலம் ஒன்று உண்டு. கேட்டதும் வரும். இறந்தவர்களின் பெயரை அவரவர் வீட்டாரின் பையிலிருந்து எடுத்துவிடும் வேலையையும் அவர்தான் எழுதியிருந்தார். அவள் போன அன்றே அது ஒழுங்காக வேலை செய்திருந்தது. பிள்ளை குட்டி இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை.

சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குச் சட்டென்று விளங்கியது. விளங்கினபோது முதலில் வந்தது தொழில்காரனுக்கு வரும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். பிறகுதான் மற்றது வந்தது. விசாரிப்பதற்கு முன்னால் பை காலி. விசாரித்து, 'யாருமில்லை' என்று கைவீசித் திரும்பி வந்த பிறகும் பை காலி. இரண்டு காலியும் அந்த ஆளுக்கு ஒன்றுதான். கேட்டாயிற்று, இல்லையென்று சொல்லிவிட்டார்கள் என்பதே அவனுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறை பக்கத்தைத் திறக்கும்போதும் முதல் தடவை போல எல்லா வாசலுக்கும் ஓடுகிறான். உறவு இருக்கிறவர்கள் பக்கம் ஒரு நொடியில் திறக்கிறது. யாருமே இல்லாதவர்களுக்காகத்தான் அவன் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறான்.

"அட, இவ்வளவுதானா!" என்றாள் லீடு. டீ குடித்துவிட்டுத் திரும்பியிருந்தாள். "'கேட்டாச்சு, யாரும் இல்லை'ன்னு ஒரு சீட்டு எழுதிப் பையில போட்டுட வேண்டியதுதானே. ஒரே வரி. இன்னிக்கே போட்டு முடிச்சிருங்க சித்தப்பா."

அவருக்கும் அதேதான் தோன்றியது. நல்ல செய்தியை நேரில் சொல்லலாம் என்று ஏழாவது மாடிக்கு ஏறினார். பெரிய சிஸ்டர் கேட்டுவிட்டு, "அப்பாடா" என்றார். பிறகு பேனாவை மூடினார்.

"அப்ப அந்த இடத்துல 'யாரும் இல்லை'ன்னே வந்துடுமா சார்? உறுதியா?"

"வந்துடும்."

சிஸ்டர் அவரைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். "யாரும் இல்லைன்னு உறுதியானவங்கள ஊருக்கு வெளிய இருக்கற காப்பகத்துக்கு அனுப்பணும். அதுதான் இங்க சட்டம். மாசக் கடைசியில கமிட்டி உக்காரும். இத்தனை நாளா இவங்க பக்கத்துல எதுவுமே வராததால, பதிவு ஆபீஸ்ல 'விசாரணையில் உள்ளது'ன்னு தள்ளிப் போட்டுட்டாங்க. உங்க வட்டம் சுத்தறதாலதான் சார் லிப்ட்காரர் இன்னும் அந்த ஜன்னலோரம் படுத்திருக்கார். அங்க போயிட்டா, தங்கச்சி பேரு அப்புறமா வந்தாலும் நம்ம பக்கத்தை யார் திறந்து பாக்கப் போறாங்க? அனுப்பினவங்களத் தேடிக்கிட்டு இங்க வந்து நின்னவங்கள நான் பாத்திருக்கேன். காலி படுக்கையக் காட்டினேன்."

"அப்ப சரி பண்ண வேண்டாமா?"

"ஐயையோ, பண்ணணும்! அந்த அம்மா மூச்சுக்குத் தவிச்சதை நீங்க பாக்கல." சிஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "என்னை ஏன் சார் கேக்கறீங்க? நீங்கதான படிச்சவரு."

அவர் லிப்டில் இறங்காமல் படியில் இறங்கினார். கால் வலித்தது. ஒவ்வொரு மாடியின் திருப்பத்திலும் லிப்ட் கதவு இருந்தது. ஒன்றும் திறக்கவில்லை.

கீழே வந்து லீடிடம் சொன்னார். சீட்டு எழுதலாம், ஆனால் நிரந்தரச் சீட்டு வேண்டாம். அன்று காலை கேட்டதில் யாரும் இல்லை என்று மட்டும் எழுதலாம். பகல் முழுக்க அதையே படித்துச் சொல்லட்டும். பக்கம் உடனே திறக்கும். மறுநாள் விடியும்போது, சிஸ்டர்கள் வேலை மாறுவதற்கு முன்னால், சீட்டைக் கிழித்துவிட்டு எல்லா வாசலிலும் இன்னொரு முறை கேட்கட்டும். சீட்டில் தேதி இருக்கிற வரை அது முடிந்த பதில் ஆகாது; கமிட்டியும் கையெழுத்துப் போட முடியாது.

"தினமுமா?" என்றாள் லீடு. "பதிவகத்துக்காரங்க ஏற்கெனவே போன் மேல போன். நம்மளாலதான் அவங்க சர்வருக்கு மூச்சு வாங்குதாம். சித்தப்பா, நான் கொடுமைக்காரி இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க. இத்தனை காலமா இல்லாத சொந்தம் திடீர்னு எங்கேருந்து முளைக்கும்? நேத்துக் கேட்டோம், இல்ல. முந்தாநாள் கேட்டோம், இல்ல. இல்லைன்னா இல்லைதானே? கேட்டதையே கேட்டா பதில் மாறிடுமா?"

"மாறாம இருக்கலாம்."

"அப்புறம்?"

"மாறினா நமக்குத் தெரியாமப் போயிடும்மா. ஒரு தடவை கேட்ட பதிலை வச்சுக்கிட்டே..." அவர் நிறுத்தினார். சொல்ல வந்தது ஏழாவது மாடியைப் பற்றித்தான். ஆனால் நாக்கு அதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டது. "இப்ப என்னையே எடுத்துக்க. டீக்குக் கூப்பிட்டீங்க. வரலைன்னேன். அன்னிக்கு வரலைதான். அப்புறம் யாரும் கேக்கவே இல்ல. சில நாள் வந்திருப்பேன்."

சொன்ன பிறகு அவருக்குக் காது சூடாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். சுத்தமாக இருந்த கண்ணாடி துடைக்கத் துடைக்க மங்கியது. லீடு தன் மேசையிலிருந்த காலிக் கோப்பையை எடுத்தாள், உள்ளே பார்த்தாள், இருந்த இடத்திலேயே வைத்தாள். ஜன்னலில் யாருடைய கால்களோ வந்து நின்று, போய்விட்டன.

"மாசக் கடைசி வரைக்கும்" என்றாள் கடைசியில். குரல் தாழ்ந்திருந்தது. "கமிட்டி உக்கார்ற நாள் வரைக்கும் காலைல ஒரு தடவை கேக்கட்டும். பதிவகத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன். ஆனா அதுக்கப்புறம் நிரந்தரச் சீட்டுதான் சித்தப்பா. அதுக்கு மேல என் கையில இல்ல."

அவர் தலையாட்டினார். அன்று சாயங்காலமே எழுதி முடித்தார். ஒரே வரி என்றது, தேதி சேர்ந்ததும் ஐந்தாறு வரி ஆனது.

அடுத்த நாள் பெரிய சிஸ்டர் ஜன்னலோரப் படுக்கையின் பக்கத்தைத் தட்டினார். தட்டின விரலை எடுப்பதற்குள் எல்லாம் வந்து நின்றது. அந்த வரியில், 'யாரும் இல்லை. இன்று காலை நிலவரம்' என்றிருந்தது.

"படிங்க, படிங்க, மறைக்க வேண்டாம்" என்றார் லிப்ட்காரர். சிஸ்டர் படித்தார். "நிலவரமா? மழை வரும், வராதுன்னு சொல்ற மாதிரி இருக்கே!"

"அந்த மாதிரிதான்" என்றார் சித்தப்பா. "நாளைக்கு மாறலாம். மாசக் கடைசி வரைக்கும் தினமும் கேக்கும்."

"எப்ப கேக்கும்?"

"விடியக்காலம். ஆறு மணிக்கு."

லிப்ட்காரர் யோசித்தார். "அப்ப அஞ்சரைக்கெல்லாம் என்னை எழுப்பிவிட்டுருங்க சிஸ்டர்."

"நீங்க தூங்கினாலும் முழிச்சிருந்தாலும் அது பாட்டுக்குக் கேக்கும் பெரியவரே. உங்களுக்கு அங்க ஒரு வேலையும் இல்ல."

"கேக்கறப்ப ஆள் தூங்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்? நான் இருக்கணும்ல."

நாட்கள் போயின. வாட்ச்மேனிடமிருந்து தகவல் வந்ததா, தங்கை வீட்டில் இருந்தாளா, ஒன்றும் தெரியவில்லை. சீட்டு தினமும் கிழிந்தது, தினமும் எழுதப்பட்டது. மாதம் முடியும் தறுவாயில் ஒரு நாள் சித்தப்பாவுக்கு வீட்டில் படுத்திருக்க முடியவில்லை. தெருவிளக்கு அணைவதற்கு முன்பே கிளம்பி, வெறும் பேருந்தில் வந்து, நேராக ஏழாவது மாடிக்கு ஏறினார்.

வார்டில் பாதி விளக்குதான் எரிந்தது. லிப்ட்காரர் படுக்கை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். சட்டையின் எல்லாப் பொத்தான்களையும் கழுத்து வரை போட்டிருந்தார். தலைமுடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார். வகிடு நேராக இருந்தது. அவருக்கு அடுத்த படுக்கையில், மூச்சுத் திணறிய அந்த அம்மா சாய்ந்து உட்கார்ந்து சேலைத் தலைப்பைத் தோளில் ஒழுங்காக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்தவரும் உட்கார்ந்திருந்தார். அதற்கு அடுத்தவரும். வரிசை முழுக்க, எழுந்து உட்கார முடிந்தவர்கள் எல்லோரும் முகம் கழுவி, தலை வாரி, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் படுக்கைக்காரரால் கையைத் தூக்க முடியாது. பெரிய சிஸ்டர் அவர் தலையைத் தன் கையால் தாங்கி, சீப்பால் மெல்ல வாரிவிட்டுக்கொண்டிருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே வானம் சாம்பலாக வெளுத்தது. சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் நிமிர்ந்துகொண்டிருந்தது. கதவருகே நின்ற சித்தப்பா, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, விரல்களை விரித்துத் தன் தலைமுடியைப் பின்னுக்குக் கோதிவிட்டுக்கொண்டார்.